மஞ்சவாடி ஏறிய மூச்சு இயந்திரம்

புதன்கிழமை, காலை 5.30. சேலம்.

இதுவரை நான் எழுதிய பயணங்களில் எல்லாம் பேருந்தோ ரயிலோதான் என்னைச் சுமந்து போயிருக்கிறது. இந்த முறை அறுபத்து நான்கு சக்கரங்கள் கொண்ட ஓர் இழுவை வண்டி. வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போன ஒருவர் எங்களை முந்தினார். முந்தியதோடு விட்டாரா, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார். இருபது வருடம் விமானப்படையில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இந்த அவமானமும் வேண்டியதுதான்.

வண்டியின் மேல் இருந்தது ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செய்தது. வடக்கே பனிமலையில் உள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போகிறது. இரும்புச் சட்டத்துக்குள் நிற்கும் உருளை, நாற்பத்தெட்டு டன் எடை, நாலே கால் மீட்டர் உயரம். அந்த உயரத்தில்தான் வம்பு. நம் ராணுவத்திடம் பெரிய விமானங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த இயந்திரத்துக்கு அவற்றின் கூரை ஒரு முழம் குறைந்தது. பிரித்துக் கொண்டுபோய் மலைமேல் பொருத்தலாம் என்றால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் பனி விழுந்து கணவாய் அடைத்துவிடும். ஆகவே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் மூக்கைத் தூக்கித் திறக்கும் ராட்சத விமானத்தை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெரிய அண்டா வாடகைக்கு எடுக்கிறோமே, அப்படி.

விமானம் பெங்களூரில் நின்றது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சரக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதன் பிறகு அதற்கு வேறொரு நாட்டில் வேலை. மறுபடி நம் முறை வர இரண்டு மாதம், அதாவது பனி விழத் தொடங்கிய பிறகு. அந்தக் குளிர்காலம் முழுக்க மருத்துவமனை பழைய சிலிண்டர்களோடுதான் ஓட வேண்டும். சரக்கை நேரத்தில் சேர்த்துவிடும் பொறுப்பு, பெங்களூர் சரக்கு முகமை ஒன்றில் இப்போது வேலை பார்க்கும் என்னுடையது.

காலை 6.45.

சாதாரணமாகத் தொப்பூர் வழியாகத்தான் போவார்கள். அங்கே சாலை வேலை நடப்பதால் இந்த உயரத்துக்கு அனுமதி இல்லை. அதனால் மஞ்சவாடிக் கணவாய் ஏறி, அரூர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று சுற்றுவழி. அரூர் வரைக்குமே சுமார் அறுபது கிலோமீட்டர். மத்தியானம் ஒரு மணிக்குள் அரூரைத் தாண்டிவிட வேண்டும், அதன் பிறகு ஊருக்குள் விடமாட்டோம் என்று காவல்துறை எழுதியே கொடுத்திருந்தது.

வண்டி ஓட்டியவர் மாதையன். பென்னாகரம் பக்கம், ஐம்பது வயது இருக்கும். முன்னால் ஜீப்பில் வித்தாலி போய்க்கொண்டிருந்தார். விமானத்தோடு வந்திருக்கும் சரக்குப் பொறுப்பாளர், உக்ரைன்காரர். தன் விமானத்தில் ஏறப்போகும் பொருளைக் கிளம்பும் இடத்திலிருந்தே கண்ணால் பார்த்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். இயந்திரத்தின் மேல் இரண்டு பேர் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்தார்கள், மின்கம்பி தாழ்வாக வந்தால் தூக்கிவிட.

"சார், தெரியாமத்தான் கேக்கறேன். மேல இருக்குறது பாய்லருங்களா?" என்றார் மாதையன்.

"இல்லீங்க. காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்குற மெஷின். மலை மேல இருக்குற ஜவான்களுக்கு."

"அங்கதான் காத்து நெறைய இருக்குமே சார்."

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவருக்கு என் கதையைச் சொன்னேன். பதினேழு வருடத்துக்கு முன் அந்த மலையில் சரக்கு இறக்கப் போனவன் நான். இரண்டாம் நாளே நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பையன், இருபத்திரண்டு வயது. மூன்றாம் நாள் மிச்சம் இருந்தது ஒரே சிலிண்டர். டாக்டர் எனக்குக் கொஞ்ச நேரம், அவனுக்குக் கொஞ்ச நேரம் என்று குழாயை மாற்றி மாற்றி வைத்தார். ஹெலிகாப்டர் வந்தபோது நான் இருந்தேன், அவன் இல்லை. இன்றைக்கும் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் அவன் ஞாபகம் வந்துவிடும், அழுகையும் வரும். இந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டதே அதனால்தான்.

மாதையன் பக்கக் கண்ணாடியில் பின்னால் இருந்த உருளையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்போ இது உசுருங்க சார்" என்றார்.

காலை 8.00. மஞ்சவாடி அடிவாரம்.

கணவாய் ஏறும் முன் சாலையோரம் ஒரு முனியப்பன் கோயில். சூலமும் மணிகளும், மீசை முறுக்கிய சாமியும். கனரக வண்டிக்காரர்கள் யாரும் இங்கே நிற்காமல் ஏறமாட்டார்கள். மாதையன் தேங்காய் உடைத்து, நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். பிறகு வண்டியின் நெற்றிக்குக் குங்குமப் பொட்டு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில் குழைத்த பொட்டு காய்ந்து காற்றில் உதிர்ந்துவிடும். நல்லெண்ணெயில் குழைத்தால் பெங்களூர் வரை நிற்கும். ஆகவே எல்லா டிரைவர்களும் எண்ணெயில்தான் குழைப்பார்கள்.

ஜீப் முன்னால் போய்விட்டது. அங்கே வித்தாலி மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடி, சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று உருக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஏற்றம் அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் காடு, வளைவுக்கு வளைவு குரங்குகள். என் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே மலை என்று சொல்லிக்கொள்ள வைக்கோல்போர்தான் உண்டு. எதிரே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் எங்களைப் பார்த்ததும் நூறு மீட்டர் பின்னோக்கியே போய் ஒதுங்கி வழிவிட்டார். ஜன்னல் வழியாக ஓர் அம்மா, "என்ன சாமி, மலையவே தூக்கினு போறீங்களா?" என்றார். கணவாய் தாண்டியதும் தர்மபுரி மாவட்டம். மரவள்ளி, கரும்பு, மஞ்சள் என்று தோட்டங்கள் விரிந்தன.

காலை 9.40. அ.பள்ளிப்பட்டி.

ஜோதி என்ற பெண்மணியின் டீக்கடை முன் நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய், மசால் வடை எட்டு ரூபாய். நான் முதல் வாய் குடிப்பதற்குள் வண்டி மேலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம். எங்கே நின்றாலும் வித்தாலி முதலில் ஏறிச் சங்கிலிகளைச் சரிபார்ப்பார். ஏறிப் போய்ப் பார்த்தேன்.

ஆக்சிஜன் வெளியே வரும் குழாயின் வாயை எஃகு மூடி போட்டு முத்திரை வைத்து அடைத்திருந்தார்கள். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. வெயிலில் இளகி, எண்ணெய் ஒழுகி மூடியின் விளிம்பு வரை இறங்கியிருந்தது. பக்கத்திலேயே சிவப்பு அட்டையில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது, எண்ணெய் படக்கூடாது என்று. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் பற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"இருபத்திரண்டு வருஷ வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை" என்றார் வித்தாலி ஆங்கிலத்தில். முகம் சிவந்திருந்தது. "எண்ணெயோடு இது என் விமானத்தில் ஏறாது. யார் செய்தது இந்த முட்டாள்தனம்?"

மாதையனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

"நாந்தான் சார் வச்சேன். எப்பவும் வண்டி நெத்திக்குத்தான் வெப்பேன். நீங்க அந்தப் பையன் கதைய சொன்னீங்களா, மனசு கேக்கல. மூச்சு வர்ற வாய் இதுதானேன்னு இதுக்கும் ஒண்ணு வச்சுட்டேன்" என்றார்.

என்ன சொல்லித் திட்டுவது? கதை சொன்னவனும் நான்தான், கண்ணை மூடியவனும் நான்தான்.

தொழிற்சாலைப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். நிதானமான அம்மா. முத்திரை உடையவில்லை என்றதும் பெருமூச்சு விட்டார். "அப்ப வெளிப்பக்கம் மட்டும்தான். கொதிக்கிற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவுங்க. அப்புறம் ஸ்பிரிட் வச்சுத் துடைங்க. பஞ்சு வேண்டாம், நூல் ஒட்டும். கடைசியா இருட்டுல ஊதா லைட் அடிச்சுப் பாருங்க, எண்ணெய் இருந்தா மினுங்கும். ஒரு புள்ளி மினுங்கினாலும் திருப்பிக் கொண்டு வந்துடுங்க, நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

அந்த ஊதா விளக்கு தொழிற்சாலையில் இருந்தது. அங்கிருந்து வர இரண்டு மணி நேரம். பள்ளிப்பட்டியிலிருந்து அரூர் போய்த் தாண்ட எங்களுக்கு ஒரு மணி நேரம். பன்னிரண்டுக்குக் கிளம்பாவிட்டால் அரூர் போச்சு, அரூர் போனால் பெங்களூர் போச்சு. ஆக்சிஜன் இயந்திரம் பனி முடியும் வரை ஏதாவது கிடங்கில் கிடக்கும். மேலே கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கு மறுபடியும் குழாயை மாற்றி மாற்றி வைப்பார்கள்.

ஜோதி கல்லாவிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெ போவணும்னா அரப்பு போட்டுத் தேச்சாப் போவுதுங்க" என்றார்.

"அரப்பெல்லாம் வேண்டாம்மா. ஊதா லைட்டுதான் இல்ல."

"ஊதா லைட்டுன்னா? நோட்டு நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு பாப்பாங்களே, அதுங்களா?"

நான் அவரையே பார்த்தேன். அதேதான். அதே கதிர்தான்.

"பக்கத்து அடகுக்கடையில இருக்குதுங்க. இருங்க, வாங்கியாரேன்" என்று அவர் பாட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் நீளமான விளக்கோடு வந்தார். கூடவே அடகுக்கடைக்காரரும் வந்தார், விளக்கைத் தனியே விட அவருக்கு மனமில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டீ பாய்லரின் கொதிநீர் முழுக்க எங்களுக்கு வந்துவிட்டது. டீக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "ராணுவத்துக்குத்தான் போவுது, அரமணி நேரம் டீ குடிக்காம இருந்தா ஒண்ணும் செத்துட மாட்டீங்க" என்று ஜோதி அடக்கினார். மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட் இரண்டு புட்டி வந்தது. துணிக்கு நான் புது வேட்டி வாங்கப் போனேன். "புதுசுல கஞ்சி இருக்குமுங்க" என்று ஜோதி தடுத்து, பல முறை துவைத்த பழைய வேட்டி ஒன்றைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தார். கை கழுவிக்கொண்டு ஏறி மாதையன் துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார்.

10.50. இருட்டு வேண்டுமே? தார்ப்பாயைக் குழாய்மேல் கூடாரமாகப் போர்த்தி, வித்தாலி விளக்கோடு உள்ளே போனார். வெளியே வந்து தலையை ஆட்டினார். விளிம்பில் ஒரு கோடு மினுங்குகிறது. மறுபடி கழுவினோம். 11.10. மறுபடி உள்ளே போனார். கோடு போய்விட்டது, ஆனால் மேலே புதிதாகச் சில புள்ளிகள். மறுபடி கழுவினோம். 11.30. இன்னும் புள்ளிகள், வேறு இடத்தில்.

மாதையன் கீழே இறங்கி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "என்னால போச்சு சார். அந்தப் பசங்களுக்கு நானே எமனாயிட்டேன்." நான் அவர் தோளில் கைவைத்தேன்.

"நான் ஒருவாட்டி பாக்கட்டுங்களா?" என்றார் ஜோதி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் அவருக்கும் வித்தாலிக்கும் மொழிபெயர்க்கத் தார்ப்பாய்க்குள் நுழைந்தேன். மூன்று பேர் உள்ளே, புழுக்கம் தாங்கவில்லை. நீல வெளிச்சத்தில் மூடியின் மேல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன.

"சார், இது சொட்டினது இல்லீங்க. அஞ்சும் வரிசையா இருக்குது பாருங்க. இது விரலு" என்றார்.

வித்தாலியின் மணிக்கட்டைப் பிடித்து, விளக்கைத் திருப்பி அவர் விரல்கள் மேலேயே அடித்தார். ஐந்து விரல் நுனியும் பளிச்சென்று மினுங்கின.

"தம்பி எத்தன வடை தின்னுச்சு?"

மொழிபெயர்த்தேன். வித்தாலி தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். நாங்கள் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கீழே நின்று ஆறு மசால் வடை சாப்பிட்டிருக்கிறார். காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, ஒவ்வொரு முறையும் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விளக்கடித்திருக்கிறார். கோடு முதல் கழுவலில் மிஞ்சியது. புள்ளிகள் எல்லாம் ஐயாவின் கைங்கரியம். அவர் வெடித்துச் சிரித்தார், தார்ப்பாயே குலுங்கியது. கீழே நின்ற கூட்டத்துக்கு விஷயம் எட்டியதும் பள்ளிப்பட்டியே சிரித்தது.

ஜோதி வித்தாலியைக் கீழே இறக்கி, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் முழங்கை வரை கழுவவைத்தார். அதன் பிறகு அவரை எதையும் தொடவிடவில்லை. வித்தாலி அறுவை டாக்டர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, ஜோதி விளக்கைப் பிடித்தார், மாதையன் கடைசியாகத் துடைத்தார். 11.50. ஒரு புள்ளி இல்லை. நான் படமெடுத்து அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பொறியாளர் அம்மாவின் கையெழுத்தோடு பதில் வந்தது. அடகுக்கடைக்காரர் விளக்கை வாங்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார்.

புறப்படும் முன் வித்தாலி மாதையனிடம் வந்து கையைப் பிடித்தார். "சாரி, அண்ணா" என்றார். அந்த இரண்டாவது சொல்லை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மாதையன், "வடை நல்லா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் 12.52. அரூர்.

எட்டு நிமிடம் மிச்சம் வைத்து அரூரைத் தாண்டினோம். மேலே இருந்தவர்கள் கழியால் கம்பிகளைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். பேருந்து நிலையத்தின் பக்கம் சனங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர் எல்லையில் இளநீர் குடித்தோம், நாற்பது ரூபாய்.

அங்கிருந்து நான் வித்தாலியின் ஜீப்புக்கு மாறினேன். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். சீருடையில் இருந்த காலத்தில் வாடகை விமானம் எங்கள் தளத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இத்தனை பெரிய ராணுவம், கடைசியில் அடுத்தவன் வண்டிக்காகக் காத்திருக்கிறதே என்று. அதை அவரிடமே சொன்னேன்.

"உங்களுக்கு மட்டுமா?" என்றார். "எத்தனையோ நாட்டு ராணுவங்களுக்கு ஓட்டியிருக்கிறோம். இந்த அளவு விமானம் உலகத்திலேயே கொஞ்சம்தான். புதிதாக யாரும் செய்வதில்லை. எங்கள் சொந்தத் தளம் போரில் போய்விட்டது. இப்போது நாங்களும் வேறொரு நாட்டின் தளத்தில் வாடகைக்குத்தான் இருக்கிறோம்."

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தென்பெண்ணையாற்றுப் பக்கம் வந்ததும், இந்த ஆற்றில் மீன் கிடைக்குமா, வறுத்துத் தருவார்களா என்று கேட்டார். மீன் வேண்டுமென்றால் ஒகேனக்கல் போக வேண்டும், ஆனால் எண்ணெயில்தான் வறுப்பார்கள் என்றேன். கையைப் பார்த்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

மாலையில் ஊத்தங்கரையில் தங்கினோம். தர்மபுரி மாவட்டம் பின்னால் போய்விட்டது. ஒரு பகலில், அதுவும் பாதி நேரம் ஒரு டீக்கடை வாசலில் நின்று கடந்த மாவட்டம். எங்கள் ஊரில் இப்படி ஒரு வண்டி வந்து நின்றால் முதலில் நான்கு பேர் கூடி இது யார் தப்பு என்று தீர்மானிப்பார்கள், அப்புறம்தான் தண்ணீர் கொதிக்கும். இங்கே ஊரார் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை, பிற்பகல் 2.40. பெங்களூர்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. மாதையனுக்கு உள்ளே போக அனுமதிச் சீட்டு இல்லை. வாயிலில் வேறு ஓட்டுநர் ஏறிக்கொண்டார். 3.35-க்கு இயந்திரம் உள்ளே போனது, நான்கு மணிக்குக் கதவு மூடியது. வேலிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நின்று மாதையன் விமானம் மேலேறுவதைப் பார்த்தாராம். "அவ்ளோ பெருசு எப்படி சார் எழும்புது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் அன்றைக்கு எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பனி விழுவதற்கு முன்பே இயந்திரம் மலையேறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் அதிகாரி கூப்பிட்டார். கேரளத்துக்காரர், தமிழ் பேசினார். சாதனம் ஓடத் தொடங்கிவிட்டது, சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன் என்றார். ஒரு நிமிடம் இருக்கச் சொல்லி மாதையனையும் இணைப்பில் சேர்த்தேன். அவர் எங்கேயோ ஆந்திர எல்லையில் வண்டியை ஓரம்கட்டினார். செவிலியர் கைபேசியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடியில் ஒரு ரீங்காரம், விட்டுவிட்டுக் காற்று சீறும் சத்தம்.

"இப்ப அதுல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார் மாதையன்.

"ரெண்டு பேரு இருக்காங்க. நேத்து கொண்டு வந்தது. சின்னப் பசங்க."

"பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுங்களா?"

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வருதுங்களா?"

"வருதே. ரெண்டு பேரும் நல்லா தூங்குறாங்க" என்றார் அவர்.

மாதையன் சரிங்கம்மா என்றார். அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.